அச்சு காயட்டும், அப்புறம் தூரிகை: வாழ்த்து அட்டை கேள்வி பதில்

ஐப்பசி மழை பிடித்ததும் கிறிஸ்துமஸ் அட்டைக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். ஸ்டாம்ப் குத்தி அதன்மேல் வாட்டர் கலர் தீட்டுவதைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேட்டவர்கள் எல்லாம் குமரி மாவட்டத்துக்காரர்கள்; பெயருக்குப் பதில் ஊரைப் போட்டிருக்கிறேன். வந்ததில் பாதி ஒரே கேள்வி. சரி, அதிலிருந்தே தொடங்கலாம்.

தக்கலை: டீச்சர், குடில் ஸ்டாம்பைக் கறுப்பு இங்க்கில் குத்தி, காய்ந்த பிறகுதான் தூரிகை வைத்தேன். கோடு கலங்கி மாட்டின் முகமெல்லாம் சாம்பலாகிவிட்டது. தூரிகை சரியில்லையோ?

தூரிகை பாவம், அதை விடுங்கள். கோளாறு இங்க்கில். சாய இங்க் காய்ந்தால் விரலில் ஒட்டாது. நனைந்தால் திரும்பக் கரையும். பலர் வைத்திருக்கும் மெமென்டோ கறுப்பு இந்த ரகம். ஆல்கஹால் மார்க்கருக்கு அசையாது, தண்ணீர் பட்டால் ஓடிவிடும். வாட்டர் கலருக்கு வேறு இங்க் வேண்டும். ஸ்டேஸ்ஆன் போன்ற கரைப்பான் இங்க் சில நிமிடத்தில் காய்ந்துவிடும், ஆனால் ஸ்டாம்பில் கறை விடும். துடைக்க அதற்கென்று கிளீனர் வாங்க வேண்டும். வெர்சாஃபைன் எண்ணெய் சேர்ந்த நிறமி இங்க். மாட்டின் கண்ணிமை வரை தெளிவாக விழும், ஆனால் காய நேரம் எடுக்கும்.

எவ்வளவு நேரம்? வீடியோவில் ஐந்து நிமிடம் என்பார்கள். அவர்கள் ஏசி அறையில் இருக்கிறார்கள். நாம் ஜூன் மழையையும் வாங்கி அக்டோபர் மழையையும் வாங்குகிற ஊர்க்காரர்கள். நான் ராத்திரி குத்திவைத்து மறுநாள் காலையில்தான் தீட்டுவேன். அதற்கு முன்பும், அதே தாளின் துணுக்கில் அதே நேரம் குத்திவைத்த அச்சின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, இருபது வரை எண்ணி, டிஷ்யூவால் ஒற்றிப் பார்ப்பேன். டிஷ்யூ வெள்ளையாக வந்தால்தான் அட்டை.

கருங்கல்: சார்ட் பேப்பரில் செய்யலாமா அக்கா?

வேண்டாம். இரண்டாவது தடவை தூரிகை போட்டாலே நார் நாராக உரியும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) வாட்டர் கலர் தாள் வாங்குங்கள். அதிலும் கோல்ட் (cold) பிரஸ் சொரசொரப்பாக இருக்கும்; வண்ணம் அழகாகப் படியும், ஸ்டாம்பின் மெல்லிய கோடுகள்தான் பள்ளங்களில் விழாமல் விட்டுவிட்டு வரும். ஹாட் பிரஸ் வழவழப்பு. கோடு முழுதாக விழும், வண்ணம் கொஞ்சம் அடம்பிடிக்கும். பூ, இலை என்று பெரிய உருவமானால் முதலாவது. முகம், எழுத்து, பொடி வேலைப்பாடு என்றால் இரண்டாவது. முழு அட்டையையும் இந்தத் தாளில் மடிக்காதீர்கள், காசுக்குக் கேடு. படத்தை மட்டும் இதில் செய்து, சாதாரண அட்டையை மடித்து அதன் முகப்பில் ஒட்டுங்கள்.

குளச்சல்: புதுத் தாள்தான். வானத்துக்கு நீலம் பூசினால் அங்கங்கே கரும்புள்ளி விழுகிறது. பூஞ்சையா?

நல்ல கேள்வி. எனக்கும் இது நடந்திருக்கிறது. வாட்டர் கலர் தாளில் ஜெலட்டின் போன்ற ஒரு பசை ஏற்றியிருப்பார்கள். வண்ணம் உடனே உள்ளே இறங்காமல் மேலேயே நின்று விளையாடுவது அதனால்தான். தாள் ஈரக்காற்றில் நாள்கணக்காகக் கிடந்தால் அந்தப் பசை இடம் இடமாகச் செத்துவிடும். அங்கே மட்டும் வண்ணம் பிளாட்டிங் பேப்பரில் விழுந்த மாதிரி உறிஞ்சப்பட்டுக் கரும்புள்ளியாகும். உலர்ந்த தாளில் கண்ணுக்கே தெரியாது. நனைத்ததும் அம்மைத் தழும்பு மாதிரி எழும்பும். ஒருமுறை மழைக்காலம் முழுக்க அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்த ஒரு கட்டு தாள் எனக்கு இப்படிப் போனது. கலர் பென்சில் வேலைக்குத்தான் ஆயிற்று.

கடற்கரைக்காரர்கள் ஒரேயடியாக வாங்கி அடுக்காதீர்கள். வாங்கியதை மூடி இறுகிய டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

மார்த்தாண்டம்: முப்பது வருஷமாக ரப்பர் ஸ்டாம்ப் கடை வைத்திருக்கிறேன். ஆபீஸ் பேட் வயலட் இங்க்கே போதும். ரசீதில் குத்தினது வருஷக்கணக்காக நிற்கிறதே. சும்மா பிள்ளைகளைச் செலவழிக்க வைக்கிறீர்கள்.

ரசீதை யாரும் தூரிகையால் நனைப்பதில்லை அண்ணாச்சி. கடையிலேயே ஒரு துணுக்கில் குத்தி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்களேன்.

இரணியல்: ஆனால் டீச்சர், கலங்கினால் என்ன? நான் வேண்டுமென்றே சாய இங்க்கில் பூவைக் குத்தி, வெறும் தண்ணீர்த் தூரிகையால் கோட்டிலிருந்து உள்பக்கம் இழுக்கிறேன். கோட்டோரம் அடர்த்தி, நடுவில் வெளுப்பு. பெயின்ட்டே தேவைப்படவில்லை.

சரியாகத்தான் செய்கிறீர்கள். அது தனி முறையே. தண்ணீரில் கரைவதற்கென்றே டிஸ்ட்ரெஸ் போன்ற இங்க்குகள் வருகின்றன. இலைக்குப் பச்சை, இதழுக்கு ரோஸ் என்று அந்தந்த நிறத்தில் குத்தி இழுத்தால் தோவாளைப் பூச்சந்தைக் கூடை மாதிரி இருக்கும். நான் சொல்வது கறுப்பைப் பற்றி. கறுப்பு கலங்கினால் அழுக்கு.

மார்த்தாண்டம்: பார்த்தீர்களா! சொட்டு விட்டேன், ஓடியது. ஆனால் வயலட் பிரிந்து ஓரத்தில் நீலமும் ரோஸுமாக என்ன அழகு! அந்தப் பிள்ளை சொல்வதுதான் சரி.

அழகுதான், மறுக்கவில்லை. எத்தனை நாளைக்கு? அந்த வயலட் வெயில் தாங்காது. ஒரு அட்டையை ஜன்னலில் வைத்து, பாதியை மட்டும் கறுப்புத் தாளால் மூடிப் பார்த்தேன். ஒரு மாதம் கழித்து எடுத்தபோது திறந்த பாதி பழைய பஸ் டிக்கெட் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

இரணியல்: வாழ்த்து அட்டையை யார் வெயிலில் வைக்கிறார்கள்? ஜனவரி வரை நின்றால் போதாதா?

என் மாமியார் ஒரு அட்டையை முப்பத்தெட்டு வருஷம் பைபிளுக்குள் வைத்திருந்தார். ஆனால் நீங்கள் சொல்வதிலும் பாயின்ட் இருக்கிறது. பைபிளுக்குள் வெயில் வராது! கவரில் போய் டிராயரில் தூங்குகிற அட்டைக்கு வயலட் போதும். சட்டம் போட்டு மாட்டுவார்கள் என்று தெரிந்தால் வேண்டாம். பெயின்ட்டிலும் இதே கதைதான். கண்ணைப் பறிக்கும் ஓபரா ரோஸ் சீக்கிரம் வெளுக்கும். அண்ணாச்சி, இதற்குமேல் இந்த வழக்கை இழுக்கவேண்டாம்.

திங்கள்நகர்: கறுப்பு இங்க் கலங்குகிறது, என்ன செய்ய?

முதல் பதில்.

கன்னியாகுமரி: வள்ளுவர் சிலை ஸ்டாம்ப் இருக்கிறது. பின்னால் அஸ்தமன வானம் வேண்டும். சிலைமேல் நிறம் படாமல் எப்படி?

எம்பாஸிங். சிலையை ஒட்டும் பசை இங்க்கில் குத்தி, வெள்ளை எம்பாஸிங் பவுடரைக் கொட்டி, உதறி, சூடான காற்று வீசும் ஹீட் கன்னால் உருக்குங்கள். உருகியது பிளாஸ்டிக் மாதிரி மேடாக நிற்கும், வண்ணம் அதன்மேல் ஏறாமல் வழுக்கி ஓடும். மழைநாளில் ஒரு தொல்லை உண்டு. தாள் லேசாக ஈரம் கோத்திருந்தால் பவுடர் எல்லா இடத்திலும் ஒட்டி, வானம் முழுக்கப் பொரி தூவினது போலாகிவிடும். குத்துவதற்கு முன் தாளைச் சூடுகாட்டி, முகப்பவுடரை மெல்லிய துணியில் முடிந்து மேலே ஒற்றிவிடுங்கள்.

அப்புறம் வானம். தாள் முழுவதையும் சுத்தமான தண்ணீரால் நனைத்து, பளபளப்பு அடங்கி மங்கல் தட்டும் வரை பொறுங்கள். அடிவானத்தில் மஞ்சள், அதன் மேல் ஆரஞ்சு, உச்சியில் நீலம். மஞ்சளும் நீலமும் தொட்டுக்கொண்டால் அஸ்தமனம் பச்சையாகிவிடும்; நடுவில் ஆரஞ்சைக் காவலுக்கு நிறுத்துங்கள். பாதி காய்ந்ததில் ஆசைப்பட்டு இன்னொரு சொட்டு வைக்காதீர்கள், காலிஃபிளவர் மாதிரி ஓரம் விரியும். சிலைமேல் முத்துமுத்தாக நிற்கும் வண்ணத்தை டிஷ்யூ நுனியால் ஒற்றி எடுத்தால் முடிந்தது.

குலசேகரம்: எங்கள் வீட்டில் ரப்பர் ஷீட் கிடக்கிறது. அதில் ஸ்டாம்ப் செதுக்கலாமா?

இழுபடும், கத்தி நிற்காது மக்களே. பத்து ரூபாய் அழிரப்பர் வாங்கிச் செதுக்குங்கள். எழுத்து என்றால் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி.

அருமனை: ஸ்டாம்ப் குத்தி நிறம் அடிப்பதெல்லாம் ஓவியமா?

1843இல் லண்டனில் ஹென்றி கோல் போட்ட முதல் கிறிஸ்துமஸ் அட்டையே கல்லச்சில் அடித்துக் கையால் நிறம் தீட்டியதுதான். விலை ஒரு ஷில்லிங். ஓவியமா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

புதுக்கடை: ஒரு அட்டை என்ன விலைக்கு விற்கலாம்?

விற்கிறவர்களைக் கேளுங்கள். நான் விற்றதில்லை.

நாகர்கோவில்: தீட்டியதும் தாள் அப்பளமாக வளைகிறது.

நான்கு ஓரமும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டிவிட்டுத் தீட்டுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே டேப்பை உரியுங்கள். மிச்ச வளைவுக்கு ஒரு ராத்திரி தடித்த புத்தகங்களுக்கு அடியில். அட்டையில் ஒட்டும்போது தண்ணீர்ப் பசை வேண்டாம், இருபக்கமும் ஒட்டும் டபுள் டேப்.

களியக்காவிளை: அக்கா, கறுப்பு இங்க்...

முதல் பதில்! முதல் பதில்!

வெள்ளிச்சந்தை: டீச்சர், முதல் பதிலைப் படித்துவிட்டேன். சொட்டும் விட்டேன், டிஷ்யூ கறுப்பாகத்தான் வருகிறது. நாளைக் காலை சர்ச்சில் நாற்பது அட்டை கொடுக்கவேண்டும். எல்லாம் குத்தியாகிவிட்டது.

முதல் பதிலைப் படித்த ஒரே ஆளுக்கா இப்படி! தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள். கலர் பென்சிலை எடுத்து, மாட்டையும் இடையர்களையும் மட்டும் தீட்டி, வானத்தை வெள்ளையாக விடுங்கள். நாற்பதுக்கு ராத்திரி பதினொன்று ஆகும். வீட்டில் இன்னொரு ஆளை உட்கார வையுங்கள்.