மவுண்டன் வியூ தெருவோர ஆர்விகள்: பயப்படுவதா, புகார் கொடுப்பதா?

கேள்வி: சென்னையிலிருந்து எச்-1பி வேலை விசாவில் கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. அபார்ட்மெண்டை ஒட்டிய தெருவில் பழைய ஆர்விகளும் (படுக்கை, அடுப்பு, கழிவறை உள்ள பெரிய வண்டிகள்) வேன்களும் வரிசையாக நிற்கின்றன. உள்ளேயே ஆட்கள் குடியிருக்கிறார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில், "எல்லாம் போதை கேஸ், குழந்தையை அந்தப் பக்கம் கூட்டிப்போகாதீர்கள், எல்லாரும் சேர்ந்து சிட்டிக்குப் புகார் கொடுப்போம்" என்கிறார்கள். மனைவிக்குப் பயம். இன்னொரு பக்கம் ஆபீஸ் நண்பன், வாடகையை மிச்சம் பிடிக்க ஒரு வேன் வாங்கி அதிலேயே தங்கலாம் என்கிறான். என்ன செய்வது, அண்ணா?

தம்பி, முதலில் பயத்துக்குப் பதில். அந்தத் தெருவில் குழந்தையோடு தாராளமாக நடக்கலாம். ராத்திரியில் வேறு எந்தத் தெருவிலும் எவ்வளவு கவனமாக இருப்பீர்களோ அவ்வளவு இங்கேயும் இருந்தால் போதும். போதைப் பழக்கம் உள்ளவர்களும் மனநோயோடு போராடுகிறவர்களும் அந்த வரிசையில் இருக்கலாம், இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரிசை ஒரே ரகம் இல்லை. ஸ்டாக்டன், மொடெஸ்டோ பக்கம் சொந்த வீடு இருந்தும், தினமும் போய்வர நாலைந்து மணி நேரம் ஆகும் என்பதால் வார நாட்களில் வேனில் படுக்கிற கட்டட வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். உணவகச் சமையலறையில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள், தோட்ட வேலை செய்கிறவர்கள், ஓய்வூதியத்தை மட்டும் நம்பி இருக்கும் முதியவர்கள், வாடகை ஏறியதால் வீட்டைக் காலி செய்த குடும்பங்கள், கல்லூரி மாணவர்கள் என்று எல்லாரும் கலந்த கூட்டம் அது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். 2025-ல் மவுண்டன் வியூவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 19.20 டாலர். வாரம் 40 மணி நேரம் வேலை பார்த்தால் மாதம் சுமார் 3,300 டாலர், அதுவும் வரி பிடிப்பதற்கு முன். இங்கே ஒரு பெட்ரூம் வீடு 2,800-க்குக் கீழே கிடைப்பது அரிது. வாடகையைப் போல மூன்று மடங்கு சம்பளம் காட்டச் சொல்வது அபார்ட்மெண்டுக்காரர்களின் வழக்கம். அப்படியானால் 8,400 டாலர் காட்ட வேண்டும். உங்களுக்கு ஆஃபர் லெட்டர் இருந்தது, கொடுத்தீர்கள். அவர்களிடம் அது இல்லை. சில ஆயிரம் டாலருக்குக் கிடைக்கும் முப்பது வருடப் பழைய ஆர்விதான் அவர்களுக்குக் கட்டுப்படியாகிற கூரை. அதையும் வாங்க முடியாதவர்களுக்கு, ஓடாத ஆர்வியைத் தெருவில் நிறுத்தி மாத வாடகைக்கு விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். 'வேன்லார்டு' என்று அவர்களுக்குப் பெயரே உண்டு.

இப்போது குழுவில் சொல்கிற அடையாளங்களுக்கு வருவோம். "ஜன்னலை மறைத்து வைத்திருக்கிறான், உள்ளே ஏதோ நடக்குது" என்பார்கள். அந்த வெள்ளித்தாள் போன்ற மறைப்பு வெயிலையும் குளிரையும் தடுப்பதற்கு. தெருவில் போகிற எல்லாரும் எட்டிப் பார்க்கிற இடத்தில் உடை மாற்ற வேண்டியவர்கள் வேறென்ன செய்வார்கள்? கூரை மேல் நீலத் தார்ப்பாய் போட்டிருப்பது பார்வைக்கு அசிங்கம்தான். பழைய ஆர்வியின் கூரை இணைப்புகளில் பூசிய சீலன்ட் பசை வெயிலில் காய்ந்து வெடித்துவிடும். ஒட்டாமல் விட்டால் மழைத் தண்ணீர் சுவருக்குள் இறங்கி மரச் சட்டத்தை அழுகவைக்கும். காய்ந்த கூரையில் நாள் முழுக்க உட்கார்ந்து சுரண்டி எடுத்துப் பூச வேண்டிய வேலை அது. தெருவோரத்தில் அதைச் செய்ய முடியாதவர் தார்ப்பாயைக் கட்டிவிடுகிறார்.

ஜெனரேட்டர் சத்தம் இன்னொன்று. 100 ஆம்பியர்-அவர் ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான் கெடாமல் பயன்படுத்த முடியும், அதாவது 50. ஆர்வி ஹீட்டர் புரொப்பேன் கேஸில் எரிந்தாலும் அதன் விசிறி சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். குளிர்கால ராத்திரியில் ஏழு மணி நேரம் ஓடினால் பேட்டரி முடிந்தது. பிறகு ஜெனரேட்டரையோ என்ஜினையோ ஓட்டித்தான் ஆக வேண்டும். அதைவிட ஆபத்தானது, கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காய்வது. மூடிய வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் தூக்கத்திலேயே உயிர் போய்விடும். எச்சரிக்கைக் கருவி கடையில் 25-30 டாலருக்குக் கிடைக்கிறது. யாருக்காவது ஏதாவது வாங்கிக் கொடுக்க மனம் வந்தால் பழைய துணியைவிட இது மேல்.

நாற்றம் பற்றிய புகாரை நான் தள்ளிவிட மாட்டேன், அது நியாயமான கவலை. ஆர்வியின் கழிவறைத் தொட்டி சுமார் 30 கேலன் பிடிக்கும். ஒருவர் மட்டும் என்றால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு மூன்று நான்கு நாளில் நிறையும். காலி செய்ய, கழிவைக் கொட்டும் இடமான டம்ப் ஸ்டேஷனுக்கு ஓட்டிப்போக வேண்டும், ஒரு தடவைக்கு 10 முதல் 30 டாலர். வண்டி ஒரு கேலனுக்கு ஏழெட்டு மைல்தான் தரும், அந்தப் பெட்ரோல் செலவு தனி. என்ஜின் கெட்டிருந்தால் போகவே முடியாது. அப்போது சிலர் ராத்திரியில் தெருவோர மழைநீர் வடிகாலில் திறந்துவிடுகிறார்கள். அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாது. ஓடை வழியாக நேரே வளைகுடாவில் கலக்கும். இதைப் பார்த்தால் சிட்டியிடம் சொல்லுங்கள், அதில் தயங்க வேண்டாம். சில நகரங்கள் தொட்டியை உறிஞ்சி எடுக்க வண்டி அனுப்புகின்றன. "விரட்டுங்கள்" என்பதற்குப் பதில் "இங்கேயும் அந்த வண்டி வரட்டும்" என்று நகர மன்றக் கூட்டத்தில் பத்துப் பேர் பேசினால் நாற்றம் சீக்கிரம் தீரும்.

"நேற்று அங்கே நின்றது, இன்று இங்கே நிற்கிறது, நோட்டம் விடுகிறான்" என்றும் ஒருவர் எழுதுவார். கலிபோர்னியாவில் ஒரே இடத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தினால் டோ செய்ய, அதாவது வண்டியை இழுத்துப்போக, நகரங்களுக்கு அதிகாரம் உண்டு. தெரு சுத்தம் செய்யும் நாளில் நகர்த்தாவிட்டால் அபராதம். நகர்ந்தால் சந்தேகப்படுகிறோம், நகராவிட்டால் புகார் கொடுக்கிறோம்.

சட்டத்தின் சங்கிலியையும் தெரிந்துகொள்ளுங்கள். 1976 முதல் வந்த பெட்ரோல் வண்டிகள், புதியவை நீங்கலாக, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புகைச் சோதனையில் தேற வேண்டும். பழைய ஆர்வி தேறாமல் போகலாம், ரிப்பேருக்குப் பணம் இருக்காது. தேறாவிட்டால் பதிவு புதுப்பிக்க முடியாது. பதிவு காலாவதியாகி ஆறு மாதம் தாண்டினால் டோ செய்யலாம். நகரங்கள் ஏற்பாடு செய்யும் பாதுகாப்பான பார்க்கிங் இடங்கள் பலவற்றில் சேர ஓடுகிற வண்டி, நடப்புப் பதிவு, இன்ஷூரன்ஸ், லைசன்ஸ் எல்லாம் கேட்பார்கள். 2004-ல் சாண்டா பார்பராவில் தொடங்கிய நல்ல திட்டம் அது, மவுண்டன் வியூவிலும் இருக்கிறது. ஆனால் மிகவும் நொடித்துப்போனவருக்குத்தான் அந்தக் காகிதங்கள் இருக்காது.

டோ என்றால் உங்களுக்கும் எனக்கும் ஒரு நாள் தொல்லை. வண்டியில் குடியிருப்பவருக்கு வீடு, மருந்து, அடையாள அட்டை, பிள்ளையின் பள்ளிக் காகிதம் எல்லாம் ஒரே இழுப்பில் போய்விடும். இழுத்த கூலியோடு ஒவ்வொரு நாளும் நிறுத்தக் கட்டணம் ஏறும். கட்டி மீட்காவிட்டால் சில வாரத்தில் ஏலம். அடுத்த மாதம் அதே ஆள் அதே தெருவில் கூடாரத்தில் இருப்பார்.

நகரங்கள் இதில் பல வருடங்களாக இழுபறியில் இருக்கின்றன. பக்கத்து ஊரான பாலோ ஆல்டோ 2013-ல் வண்டியில் வசிப்பதையே குற்றமாக்கியது. லாஸ் ஏஞ்சலஸின் அதே மாதிரிச் சட்டத்தை 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவில்லாதது என்று ரத்து செய்ததும், பாலோ ஆல்டோவும் பின்வாங்கியது. மவுண்டன் வியூவில் 2020 நவம்பரில் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 'மெஷர் சி', 40 அடி அல்லது அதற்குக் குறைவான அகலமுள்ள தெருக்களில் பெரிய வண்டிகள் நிற்பதைத் தடுக்கிறது. 22 அடி நீளமோ, 7 அடி அகலமோ, 7 அடி உயரமோ தாண்டினால் பெரிய வண்டி. அதை எதிர்த்து வழக்குப் போட்டதில், குறைந்தது 3 மைல் நீளத் தெருக்களில் நிற்க இடம் விட வேண்டும் என்று 2022-ல் சமரசம் ஆனது. ஆகவே உங்கள் தெருவில் தடைப் பலகை இல்லையென்றால், அவர்கள் அங்கே நிற்பதே சட்டமீறல் என்று நினைத்துவிடாதீர்கள். 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில் பொது இடத்தில் தங்குவோரைத் தண்டிக்க நகரங்களுக்கு வழிவிட்ட பிறகு, விதிகள் வேகமாக இறுகுகின்றன. சான் பிரான்சிஸ்கோ 2025-ல் பெரிய வண்டிகளுக்கு இரண்டு மணி நேர வரம்பு போட்டது.

எனக்கு மனம் கொதிப்பது ஒரு விஷயத்தில். 2015-ல் இதே மவுண்டன் வியூவில், கூகுள் ஊழியர் ஒருவர் 10,000 டாலருக்கு 128 சதுர அடி டிரக் வாங்கி நிறுவன வளாகத்தில் நிறுத்தி அதில் வசித்தார். உலகம் முழுக்கச் செய்தி, 'சிக்கனம், சாமர்த்தியம்' என்று புகழ்ந்தார்கள். புது மெர்சிடஸ் ஸ்ப்ரின்டர் வேனில் சோலார் பலகையும் மரத்தளமும் போட்டால் அது 'வேன் லைஃப்'. அடுத்த தெருவில் நிற்கும் ஆர்வியில் கீரை ஆய்கிற அம்மாவுக்கு மட்டும் 'போதை கேஸ்' என்ற பட்டம். நம் ஊரிலும் 'அட்ரஸ் இல்லாதவன்' என்பதை வசவாகத்தானே சொல்கிறோம்? அந்தச் சொல்லையும் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். பேச்சிலர் என்பதற்காகவே சென்னையில் வீடு மறுக்கப்பட்டவர்கள் உங்கள் குழுவிலேயே இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

எதற்குப் புகார் செய்யலாம்? கழிவைக் கொட்டினால், நடைபாதையையோ தீயணைப்புக் குழாயையோ மறைத்தால், நடுராத்திரி தாண்டியும் ஜெனரேட்டர் ஓடினால், போதை ஊசி கிடந்தால், யாராவது மிரட்டினால். உயிருக்கு ஆபத்து, தீ, வன்முறை என்றால் 911. மற்றவற்றுக்குப் போலீஸின் அவசரமில்லாத எண் அல்லது சிட்டி தளம். மனநெருக்கடியில் ஒருவரைப் பார்த்தால் 988. உதவி தேடுகிறவரிடம் 211 என்று எழுதிக் கொடுங்கள், கவுண்டியின் (மாவட்ட நிர்வாகத்தின்) சேவைகளுக்கு வழி அங்கே கிடைக்கும். சும்மா நிற்கிறது, பார்க்க நன்றாக இல்லை என்பது புகார் ஆகாது.

பேச வேண்டுமென்றால் பகலில் போங்கள். வண்டியின் கதவை வீட்டுக் கதவாக நினைத்து ஒருமுறை தட்டி, இரண்டு மூன்று அடி பின்னால் தள்ளி நில்லுங்கள். ஜன்னலில் எட்டிப் பார்க்க வேண்டாம், ராத்திரியில் தட்டவே வேண்டாம். கற்கள் எறிந்தும் டயரைக் கிழித்தும் தொல்லை கொடுப்பவர்களுக்குப் பயந்தே அவர்கள் தூங்குகிறார்கள். "ஜெனரேட்டரைப் பத்து மணிக்கு நிறுத்த முடியுமா?" என்று நேரில் கேட்டாலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். நம்பர் பிளேட்டையும் முகத்தையும் படமெடுத்துக் குழுவில் போடுவதை நீங்களாவது தடுங்கள். அந்தப் படத்தில் இருக்கும் பிள்ளை உங்கள் குழந்தையின் வகுப்பிலேயே படிக்கலாம். 1987-ன் மெக்கின்னி-வென்டோ சட்டப்படி, காரில் வசிக்கும் குழந்தையை முகவரிச் சான்று இல்லாமலே பள்ளி உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நண்பரின் யோசனை உங்களுக்கு வேண்டாம். எச்-1பியில் இருப்பவர் வீடு மாறிய பத்து நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தில் வசிக்கும் முகவரியைக் குடியேற்றத் துறைக்குச் சொல்ல வேண்டும். தபால் பெட்டி எண் வசிக்கும் முகவரி ஆகாது. ரியல் ஐடி லைசன்ஸுக்கு (உள்நாட்டு விமானத்துக்கும் செல்லும் அடையாளம்) இரண்டு முகவரிச் சான்று வேண்டும். சில ஊர்களில் வண்டியில் தூங்குவது அபராதத்தோடு நிற்காமல் குற்ற வழக்காகவும் ஆகலாம். ஒருமுறை கைதானாலும், அடுத்த விசாவுக்கு டிஎஸ்-160 விண்ணப்பம் நிரப்பும்போது கைதானதுண்டா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுத வேண்டிவரும். பணத்தை மிச்சம் பிடிப்பதுதான் அவர் நோக்கமென்றால் சன்னிவேல், சாண்டா கிளாரா பக்கம் பகிர்ந்த வீட்டில் ஓர் அறை பார்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டு வாங்கட்டும், முகவரிச் சான்றுகளில் ஒன்றாக அது உதவும்.