அலமாரிச் சாவி யார் கையில்?

வாசகர் கேள்வி – பதில்

பள்ளி நூலகம் பற்றி வந்த கடிதங்கள் மட்டும் இந்த முறை. என்னைப் பற்றி இரண்டு வரி: கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டார் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கடைசி 14 வருடம் ‘நூலகப் பொறுப்பு’ என்கிற, யாரும் கேட்டு வாங்காத வேலையும் என் தலையில்தான். நூலகம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஆறாம் வகுப்பின் பின்சுவரை ஒட்டி இரண்டு இரும்பு பீரோ, ஒரு பெஞ்சு, ஒரு ஜன்னல். கடிதம் எழுதியவர்கள் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன்.

நவம்பரில் தேசிய நூலக வார விழா நடத்த வேண்டும். கையில் 500 ரூபாய் இருக்கிறது. பேனர், பொன்னாடை, சிறப்பு விருந்தினர் போக மிச்சத்துக்குப் பேச்சுப் போட்டி என்கிறார் தலைமையாசிரியர். வேறு வழி உண்டா டீச்சர்?
– ஆசிரியை, குளச்சல் பக்கம்

முதலில் பேனரை வெட்டுங்கள். பொன்னாடைக்குத் தலைமையாசிரியர் முரண்டு பிடித்தால், விருந்தினர் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து ஒன்றாம் வகுப்புக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பாதிப் பேர் அடுத்த வருடம் வரமாட்டார்கள். அதுவும் நல்லதுதான்.

நூலக வாரம் நவம்பர் 14 முதல் 20 வரை. தேதி குறித்தவர்களுக்கு நம் மாவட்டத்து மழை தெரியாது போல. ஒரு வருடம் நானும் முற்றத்தில் பந்தல் போட்டுப் பார்த்தேன். விருந்தினர் ஒன்றரை மணி நேரம் பிந்தினார், மழை பிந்தவில்லை. சின்னப் பிள்ளைகள் நனைந்து நிற்க, நாங்கள் மைக் செட்டைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தோம். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வருடம் வகுப்பறைக்குள்ளேயே ‘புத்தகப் பந்தி’ வைத்தோம். பாய் விரித்து எதிரெதிராக இரண்டு வரிசை. இலைக்குப் பதில் பழைய செய்தித்தாள், அதன்மேல் ஆளுக்கொரு புத்தகம். மணி அடித்தால் திறக்க வேண்டும். நாலு நிமிடம் கழித்து மறுபடி மணி, புத்தகம் வலப்பக்கம் நகரும். பருப்பு, சாம்பார், புளிசேரி, ரசம், பாயசம் என்று ஐந்து சுற்று. முழுதாகப் படிக்க வேண்டாம், ருசி பார்த்தால் போதும். கடைசியில் எதற்கு ‘மறுசோறு’ வேண்டுமோ அந்தப் புத்தகம் அன்றைக்கே வீட்டுக்குப் போகும். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ரசத்தில் கிடைத்த தேனீப் புத்தகத்தைப் பாயசத்துக்கு விடாமல் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துவிட்டான். அவன் வீட்டில் தேனீப் பெட்டி உண்டு. பந்தியில் சண்டை வராவிட்டால் அது பந்தியா?

உங்களுக்கோ வாசலில் கடலே இருக்கிறது. நான் முதலில் வேலை பார்த்தது கடற்கரைப் பள்ளியில்தான். எழுத்துக் கூட்டவே திணறுகிற பையன் ஒருவன், மீன் படப் புத்தகம் ஒன்றை என் மேசையில் கொண்டுவந்து வைத்து, “டீச்சர், இது அயலை இல்ல. அயலைக்கு முதுவுல வரி இருக்கும்” என்றான். பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி. அச்சடித்த புத்தகத்தில் தப்பு கண்டுபிடித்த சந்தோஷத்தில் அவன் அன்றைக்கு வீட்டுக்கே போகவில்லை. பிறகு எல்லாருமாகச் சேர்ந்து சாளை, நெத்திலி, வாளை, பாரை, சூரை, நெய்மீன், திருக்கை, கணவாய் என்று ஒரு மீனுக்கு ஒரு தாள் வரைந்தார்கள். எந்த மீன் எந்த மாதம் அதிகம் படும், கரையிலிருந்து இழுக்கிற கரமடி வலையில் எது வரும் என்று வீட்டில் கேட்டு எழுதினார்கள். அவனுக்கு எழுத வராததை இன்னொருத்தி எழுதினாள், அவன் சொல்லச் சொல்ல. சாக்குத் தைக்கிற ஊசியால் தைத்து, இருப்புப் பதிவேட்டில் வரிசை எண் போட்டு பீரோவில் வைத்தோம். உங்கள் 500 ரூபாய்க்குத் தாளும் நூலும் போக பிஸ்கட்டும் வாங்கலாம்.

பேச்சுப் போட்டி, விமர்சனப் போட்டி பற்றி ஒரு சொல். நான் ஒருமுறை முதல் பரிசு கொடுத்த விமர்சனம், அந்தப் புத்தகத்தின் பின்னட்டையில் இருந்ததை வரி பிசகாமல் பார்த்து எழுதியது. பரிசு கொடுத்த பிறகு ஒரு பிள்ளை பின்னட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். அதோடு விட்டேன்.

பிள்ளைகள் கையில் கொடுத்தால் புத்தகம் தொலைகிறது. தணிக்கையில் யார் பதில் சொல்வது? பூட்டி வைப்பதே பாதுகாப்பு என்று நினைக்கிறேன்.
– தலைமையாசிரியர், தக்கலை வட்டாரம்

ஐயா, நானும் ஒரு வருடம் பூட்டித்தான் வைத்திருந்தேன். தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று யாரோ காதில் போட்டுவிட்டார்கள். மறு ஜூனில் திறந்தால், துருப்பிடித்த அடித்தட்டின் ஓட்டை வழியாகச் சிதல் (கரையான்) ஏறி, கீழ் வரிசை முழுக்க மண்ணாக இருந்தது. பிள்ளைகள் போட்டி போட்டுத் தொலைத்திருந்தாலும் அவ்வளவு போயிருக்காது.

அதற்குப் பிறகு சாவி ஏழாம் வகுப்புக்குப் போயிற்று. மாதம் இரண்டு பேர், ஒரு ஆண் ஒரு பெண். சாவியில் சிவப்பு ரிப்பன். வழங்கல் பதிவேட்டையும் அவர்களே எழுதினார்கள், எழுத்துப் பிழையோடு. நான் திருத்தவில்லை. மதியச் சாப்பாட்டுக்கும் மணியடிப்பதற்கும் நடுவில் இருக்கிற இருபது நிமிடம்தான் நூலக நேரம். முதல் வருடம் பதினொரு புத்தகம் திரும்பவில்லை. அதில் நாலு, லீவு முடிந்ததும் வந்தன. ஒன்று, ரப்பர் பால்வெட்டு வேலைக்குக் கேரளத்துக்கு இடம் மாறிய குடும்பத்தோடு போய், ஓணத்துக்கு ஊருக்கு வந்தபோது கூடவே வந்தது. மிச்சத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றினோம்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதல் விதியே நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதுதான். கணக்கு வாத்தியாருக்குத் தெரியாத தணிக்கையா? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் ஒவ்வொரு பள்ளிக்கும் நூலகம் வேண்டும், அதில் செய்தித்தாளும் இதழ்களும் கதைப் புத்தகங்களும் இருக்க வேண்டும் என்கிறது. பூட்டச் சொல்லவில்லை.

எங்க லைப்ரரியில நீதிக்கதையும் பொது அறிவும்தான் இருக்கு. எனக்குப் பேய்க்கதை வேணும் டீச்சர். அப்புறம், படிச்ச புக் பத்திப் பேசும்போது ‘எனக்க பாட்டி’ன்னு சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க.
– ஏழாம் வகுப்பு மாணவி, குலசேகரம்

மக்களே, பேய்க்கதைக்கு ஏன் பீரோவைத் தேடுகிறாய்? கள்ளியங்காட்டு நீலி நம்ம மாவட்டத்துக்காரி அல்லவா? உனக்க பாட்டியிடமே கேள். நீலி கதையை வில்லுப்பாட்டில் கேட்ட ஆளாகக்கூட இருப்பாள். அவள் சொல்வதை அவள் சொல்கிற மாதிரியே எழுது. ‘வந்தினும்’ என்றால் ‘வந்தினும்’, ‘உணங்கிச்சு’ என்றால் ‘உணங்கிச்சு’. பாட்டியின் பேய் பாடப்புத்தகத் தமிழில் பேசினால் யாருக்குப் பயம் வரும்?

எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேய்க்கதை நேரம் வைத்தோம். மழை பெய்தால் இன்னும் விசேஷம். ஒரு நிபந்தனைதான்: கதை உன் வீட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். ஒரு வருடத்தில் மூன்று நோட்டு நிரம்பிற்று. ஊருக்கு ஊர் யட்சி மாறினாள், பனை மட்டும் மாறவில்லை.

சிரித்தவர்கள் கிடக்கட்டும். தேரூரில் பிறந்த கவிமணி நாஞ்சில் நாட்டுப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்தான். அவர் பாட்டைத்தான் தமிழ்நாடு முழுக்கச் சின்னப் பிள்ளைகள் பாடுகிறார்கள்.

என் மகன் காமிக்ஸ் தவிர எதையும் தொடுவதில்லை. இதெல்லாம் வாசிப்புக் கணக்கில் வருமா?
– தந்தை, தோவாளை

வரும். அவன் படித்து முடித்ததும் நீங்களும் வாங்கிப் படியுங்கள்.

எங்கள் பள்ளி மலையடிவாரத்தில். வருடத்தில் இரண்டு மழை. புத்தகமெல்லாம் பூஞ்சை, ராமபாணப் பூச்சி. என்ன செய்யலாம்?
– ஆசிரியர், பேச்சிப்பாறை பக்கம்

பூச்சி தேடி வருவது ஈரத்தையும் பசையையும். அதனால் பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். ஜூன், ஜூலையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் அடித்தட்டைக் காலியாக விடுங்கள். புத்தகங்களை நெருக்கி அடுக்காமல் விரல் நுழைகிற இடம் விட்டு வையுங்கள். வெயில் அடிக்கிற நாளில் பீரோக் கதவைத் திறந்து போடுவதே பாதி மருந்து. வசம்பைத் துணியில் முடிந்து வைக்கலாம். பாச்சா உருண்டை மட்டும் வேண்டாம், சின்னப் பிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் போடும்.

நனைந்துவிட்டால்? 2017 நவம்பர் 30, ஒகி புயல். எங்கள் பள்ளிக் கூரையில் ஓடு பறந்து, ஒரு பீரோ முழுக்கத் தண்ணீர். ஊரெல்லாம் ரப்பரும் மின்கம்பமும் சாய்ந்து கிடந்தன. பல நாள் கரண்ட் இல்லை, மின்விசிறியைப் போட்டுக் காய வைக்கவும் வழியில்லை. ரப்பர் ஷீட் காயப்போடுகிற மாதிரி வராந்தாவில் கயிறு கட்டிப் புத்தகங்களை நடுவில் விரித்துத் தொங்கவிட்டோம். சாதாரணத் தாள் காய்ந்து நெளிந்து பிழைத்துக்கொண்டது. வழவழப்புத் தாள் புத்தகங்கள்தான் செங்கல்லாக ஒட்டிப்போயின. அவற்றை ஈரத்தோடேயே பக்கம் பக்கமாகப் பிரித்து நடுவில் செய்தித்தாள் வைத்திருக்க வேண்டும். எனக்கு அப்போது தெரியாது.

ஒரு பையன், “டீச்சர், எங்க வீட்டு புகைப்புரையில வச்சா ஒரு ராத்திரியில உணங்கிரும்” என்றான். ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உணக்குகிற அறை அது. வேண்டாம் என்றேன். மறுநாள் ஒன்றைக் காணவில்லை. அதற்கு மறுநாள் மஞ்சள் நிறமாகி, ரப்பர் ஷீட் நாற்றத்தோடு திரும்பி வந்தது. அதற்குப் பெயரே ‘புகைப் புஸ்தகம்’ ஆகிவிட்டது. அந்த வருடம் பதிவேட்டில் அதிகம் பேர் எடுத்தது அதைத்தான், மோந்து பார்ப்பதற்கு. நான் ஓய்வு பெறும்வரை அதில் பூச்சி ஏறவில்லை. இதை முறையாகப் பரிந்துரைக்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லார் கையிலும் மொபைல் இருக்கும்போது பள்ளிக்கு நூலகம் எதற்கு?
– ஓய்வுபெற்ற வாசகர், நாகர்கோவில்

உங்கள் மொபைலை ஒரு வாரம் ஆறாம் வகுப்புப் பையனிடம் கொடுங்களேன். கொடுக்கமாட்டீர்கள் அல்லவா? மொபைலால் உபயோகமும் உண்டு. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலேயே ஏராளமான படக்கதைகள் இலவசமாகக் கிடக்கின்றன. அச்செடுத்துத் தைத்து பீரோவில் வைத்தால் பொத்தான் இல்லாத புத்தகம்.

நான் அண்டியாபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை பார்க்கிறேன். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. மகன் தினம் வாசித்ததற்குப் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவன் சரியாகத்தான் வாசிக்கிறானா என்று எனக்கு எப்படித் தெரியும்?
– தாய், மார்த்தாண்டம் பக்கம்

வாசிக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். நடுவில் நிறுத்தி, “பிறகு என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். கதை சொல்லத் தெரிந்தால் வாசித்திருக்கிறான், ‘ம்… ம்…’ என்று இழுத்தால் பக்கம் புரட்டியிருக்கிறான். இதற்குப் பள்ளிப் படிப்பு வேண்டாம். அவனிடம் அரசு வாசிப்பு இயக்கப் புத்தகங்களைக் கேட்டுப் பாருங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி இருக்கும். ‘நுழை’ வரிசை உங்களுக்கும் ஆகும், மூன்றாம் வகுப்பில் விட்ட இடத்திலிருந்து பிடிக்கலாம்.

எங்கள் பள்ளியில் மாதம் ஒருநாள் அம்மாக்களைக் கதை சொல்ல அழைப்போம். அண்டி தல்லுகிற (முந்திரிக்கொட்டை உடைக்கிற) ஒருவர் சிப்ட் முடிந்து நேராக வந்தார். அழகாகக் கதை சொன்னார். முடிந்ததும் புத்தகம் எடுத்துப் போங்கள் என்று நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “கறை ஒட்டும் டீச்சர், கழுவினாலும் போகாது.” தோட்டெண்ணெயில் வெந்து கறுத்த விரல்கள். அவர் மகள்தான் புத்தகத்தைப் பிடுங்கி அம்மா கையில் திணித்தாள்.

ஒரு வாரம் கழித்து அந்தப் புத்தகம் திரும்பி வந்தது. ஏழாம் பக்கத்து ஓரத்தில் பழுப்பாக ஒரு பெருவிரல். சாவி வைத்திருந்த பையன் பதிவேட்டில் ‘சேதம்’ என்கிற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். “அந்தம்மா எதுவரை படிச்சாங்கன்னு தெரியுதுல்ல?” என்றேன். கட்டத்தில் ‘7’ என்று எழுதிவிட்டுப் போனான்.