நெடுந்தொடர்களில் புத்திசாலியான கதாநாயகிகூட திடீரென முட்டாள்தனமாக நடந்துகொள்வது ஏன்?

கதை முடிந்துவிடக் கூடாது என்பதுதான் முக்கியக் காரணம். சினிமாவை முடிவு தெரிந்தே எழுதுகிறார்கள். தினசரித் தொடர் பெரும்பாலும் ரேட்டிங் இருக்கும்வரை ஓடியாக வேண்டும். அதனால் ஒரு வார்த்தை பேசினால் தீர்ந்துவிடும் சந்தேகத்தைக்கூடப் பேசவிடாமல் வைத்திருக்கிறார்கள். நேற்றுவரை வக்கீலையே மடக்கிய பெண், இன்று வில்லி நீட்டும் பத்திரத்தில் படித்தே பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறாள். கதைக்கு ஒரு சிக்கல் தேவைப்பட்டது, அதற்கு அவள் புத்தியைப் பலி கொடுத்துவிட்டார்கள். எனக்கு மிகவும் கோபம் வருவது இந்த இடத்தில்தான். மாதக்கணக்கில் அவளை நம்பிப் பார்த்தவர்களை இது அவமதிக்கிறது.

அப்புறம், எழுதும் முறை. பல தொடர்களில் கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் இன்னொருவர். ஒளிபரப்புக்குச் சில நாள் முன்புதான் காட்சியே தயாராகும் நிலையும் உண்டு. பழைய எபிசோடில் அந்தப் பாத்திரம் என்ன சொன்னது என்று திரும்பிப் பார்க்க யாருக்கு நேரம்? நடிகர் விலகினால் பாத்திரம் வெளிநாடு போகும், இல்லையென்றால் விபத்தில் சாகும்.

சரி, இழுக்கத்தான் வேண்டுமென்றால் உண்மை வெளிவந்த பிறகு உறவுகள் என்னவாகின்றன என்று எழுதலாமே. உண்மையை மறைத்து ஓட்டுவதைவிட அதில் எவ்வளவோ கதை இருக்கிறது.