கபடியும் ஒரு வசவும்

அன்புள்ள அண்ணாச்சி,

என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான், பள்ளிக் கபடி அணியில் ஆடுகிறான். அந்த அணியில் ஒரு பையனின் நடையும் பேச்சும் கொஞ்சம் மென்மையாக இருக்கும். அவன் உடை மாற்ற வந்தால் மற்றவர்கள் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிச் சிரிக்கிறார்களாம். ‘ஒம்போது’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் மகனும் சிரிப்பான் போலிருக்கிறது. பயிற்சியாளரிடம் சொன்னால், ‘அப்பத்தான் சார் பயலுவ கெட்டிப்படுவானுவ’ என்கிறார். என் மகன் அப்படிப்பட்டவன் இல்லை. இதெல்லாம் மேல்நாட்டுப் பழக்கம்தானே? அவனை அணியிலிருந்து நிறுத்திவிடலாமா?

ஒரு தகப்பன், வள்ளியூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் மகன் அப்படிப்பட்டவன் இல்லை என்று யார் உங்களிடம் கேட்டது? அப்படி இருந்தால் வீட்டைவிட்டுத் துரத்திவிடுவீர்களா? அந்த வரியை அவன் வாசித்தால், நாளைக்கு உங்களிடம் சொல்ல ஏதாவது இருந்தாலும் சொல்லமாட்டான். போகட்டும். அடுத்த வீட்டுப் பிள்ளைக்காக மனசு கேட்காமல் எழுதினீர்களே, அதில் எனக்குச் சந்தோஷம்தான். அந்தப் பையன் யாரை விரும்புகிறான் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவனுக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம்.

மேல்நாட்டுப் பழக்கமா? ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை 1860இல் தண்டனைச் சட்டத்தில் எழுதிவைத்தவன் வெள்ளைக்காரன். மனமொத்த பெரியவர்களின் உறவு குற்றமாகாது என்று 2018இல் சொன்னது நம் உச்ச நீதிமன்றம். எது இறக்குமதி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நாளாக என்னை அரித்துக்கொண்டிருப்பது உங்கள் பயிற்சியாளர் சொன்ன அந்தக் கெட்டிப்படுகிற கதை. நம் பக்கம் மின்னொளிக் கபடி நடக்கிற எந்த ஊரிலும் களத்தோரம் நின்றால் காதில் விழும்: ‘ஏல, பொட்டப்பிள்ள மாதிரி நிக்காதல!’ மென்மையான பையனுக்கு மட்டும் விழுகிற வசவு என்று நினைக்கிறோம். அணியில் ஆடுகிற ஏழு பேருக்கும் சேர்த்துத்தான் விழுகிறது.

பாளையங்கோட்டையில் நான் படித்தபோது எங்கள் விடுதி அணியில் ஒரு ரைடர், அதாவது எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகிறவன், இருந்தான். நல்ல உயரம், முறுக்கிய மீசை. அவனை ஒருவனும் ஒரு சொல் சொல்ல முடியாது. ஒரு பந்தயத்தில் எதிரணி மொத்தமும் சேர்ந்து அமுக்கியதில் முழங்கால் திருகிவிட்டது. வெளியூர் போனால் பள்ளிக்கூட வகுப்பறையில்தான் தங்குவோம். பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு எல்லோரும் அங்கேயே உடை மாற்றுவோம். மறுநாள் காலை அவன் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு டிராயரை மாட்டினான். வீங்கிய முட்டி யார் கண்ணிலும் படக்கூடாது. பட்டால் வாத்தியார் வாயிலிருந்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். மிச்ச ஆட்டமெல்லாம் அந்தக் காலோடே ஆடித் தீர்த்தான். கபடியில் முட்டி ஜவ்வு கிழிவது சாதாரணம். அதன்மேலேயே ஆடினால் கால் போய்விடும். இன்றைக்குக் கல்யாண வீட்டில் அவனால் பந்தியில் சம்மணம் போட முடியாது. கெட்டிப்பட்ட லட்சணம் இது.

இன்னொன்று. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நம் ஆண்கள் கபடி அணி அரையிறுதியில் ஈரானிடம் தோற்று வெண்கலத்தோடு திரும்பியது. பெண்கள் அணி வெள்ளி வாங்கியது. பொட்டப்பிள்ள மாதிரி ஆடியிருந்தால் இறுதிப்போட்டிக்காவது போயிருக்கலாம்.

டூட்டி சந்த் தன் துணை ஒரு பெண் என்று 2019இல் ஊரறியச் சொன்னார். அவர் ஓட்டக்காரர், தன் தடத்தில் தனியே ஓடுகிறவர். கபடியில் பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவன் கையைக் கோத்துக்கொண்டுதான் ரைடரை மறிப்பார்கள். அந்தப் பையனின் கையைக் கோக்க மற்றவன் கூசினால், அந்த இடைவெளியில் புகுந்து எதிரணிக்காரன் புள்ளி எடுத்துப் போய்விடுவான். நியாயம் புரியாத வாத்தியாருக்குப் புள்ளிக் கணக்காவது புரியுமே!

சரி, மகனை நிறுத்துவதா என்றீர்கள். வேண்டாம். வாத்தியாரிடம் மறுபடி ஒற்றை ஆளாகவும் போகாதீர்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியாகப் பெற்றோருக்கு இந்த விஷயங்களைப் புரியவைக்க வேண்டும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அடுத்த கூட்டத்தில் எழுந்து அதைக் கேளுங்கள். அதற்கு முன்னால் மகனிடம், ‘நீயும் சிரிச்சியாலே?’ என்று கேளுங்கள். ஆமாம் என்றால் கையை ஓங்காதீர்கள். ஆட்டத்தில் அந்தப் பையன் கையை இவன் கோக்கிறானா என்று கேளுங்கள்.