கோயிலுக்குப் போனதாகச் சொன்னீர்களே

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கும் மகளிடம் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தேன். ஒரு சனிக்கிழமை மாலை ஒயின் கடை ஒன்றுக்கு என்னைக் கூட்டிப் போனாள். புருஷனும் பெண்டாட்டியும் சொந்தமாக நடத்தும் கடை. என்னை நாற்காலியில் உட்காரவைத்து, திராட்சை ஜூஸ் கொடுத்தார்கள். ஏழெட்டுப் பேர் ஒயினை முகர்ந்து, வாயில் வைத்துப் பார்த்து, ஒரு பாத்திரத்தில் துப்பிவிட்டு, நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அங்கே அவள் கோர்ஸ் படிக்கிறாளாம். அன்று ராத்திரி அவள் அப்பா கூப்பிட்டார். மகள்தான் போனை நீட்டினாள். முருகன் கோயிலுக்குப் போயிருந்தோம் என்று சொல்லிவிட்டேன். இப்போது தென்காசியிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. இந்தப் பழக்கத்தை எப்படி நிறுத்துவது?
- ஒரு தாய், அம்பாசமுத்திரம்

பதில்: மகள்தான் போனை நீட்டினாள் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள், சகோதரி. அப்படியென்றால் நீங்கள் சொன்ன பொய்யைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். ஒளிக்க நினைக்கிற பெண் அம்மாவைக் கையோடு கூட்டிப்போய் அந்தக் கடையில் உட்காரவைப்பாளா? அவள் எதையும் மறைக்கவில்லை. மறைத்தது நீங்கள். அதுவும் முருகன் பேரைச் சொல்லி!

நம் ஊரில் ஒயின் ஷாப் என்றால் கம்பி வலைக்குள் கையை நீட்டி வாங்குகிற இடம். 2003 முதல் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிற கடையை நாம் கண்டதில்லை. அங்கே அது படிப்பு. இதற்கென்றே 1969இல் லண்டனில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, பரீட்சை வைத்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். நீங்கள் பார்த்த பாத்திரம், நம் தாத்தாக்கள் வெற்றிலைக்கு வைத்திருந்த படிக்கம் மாதிரிதான். வரிசையாக விழுங்கினால் போதை ஏறி ருசி பிடிபடாது, அதனால் துப்புகிறார்கள். தாமிரபரணித் தண்ணீரில் கிண்டினால்தான் அல்வா என்று நாம் அடித்துச் சொல்வதில்லையா? அவர்கள் திராட்சை விளைந்த மண்ணை அப்படிச் சொல்கிறார்கள்.

இதற்காக நான் குடிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். குடியால் நன்றாக இருந்த வீட்டை நான் பார்த்ததே இல்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனமும் 2023இல் சொல்லிவிட்டது. மகளிடம் இதைச் சொல்லுங்கள். எனக்குப் பிடிக்கவில்லை என்றும் சொல்லுங்கள், பெற்றவளுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால், "நீயே அப்பாகிட்ட கோயில்னுதானே சொன்ன?" என்று அவள் திருப்பிக் கேட்டால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்?

இன்று ராத்திரி அவர் சாப்பிட்டு எழுந்ததும் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். சத்தம் போடுவார், போடட்டும். அவர் பெற்ற மகள், அவருக்குத் தெரியாமல் அவளைப் பற்றி ஒன்றை நீங்கள் பூட்டிவைக்கக் கூடாது. அப்புறம் தென்காசி. பெண் பார்க்க வருவதற்கு முன்னாலேயே மகளும் அந்தப் பையனும் பேசிக்கொள்ளட்டும், இதையும் அவளே சொல்லட்டும். மறைத்துப் பேசி முடித்த கல்யாணங்களைப் பற்றி எனக்கு வருகிற கடிதங்களைப் படித்தால் உங்களுக்குத் தூக்கம் வராது.

அவரிடம் சொல்லி முடித்த பிறகு மகளைக் கூப்பிட்டு, "அப்பாகிட்ட சொல்லிட்டேன்" என்று சொல்லுங்கள். ஒயின் பேச்சை அதற்குப் பிறகு எடுங்கள்.