கூடுதல் லேப்டாப்புக்கு இன்னொரு இணைய இணைப்பு தேவையா?

கேள்வி: வீட்டில் பல வருடங்களாக ஒரு டெஸ்க்டாப் இருக்கிறது. மோடத்திலிருந்து ஒரு கேபிள் நேராக அதற்குப் போகிறது. இப்போது லேப்டாப் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. ஸ்விட்ச் ஒன்று வாங்கி மோடம், டெஸ்க்டாப், லேப்டாப் மூன்றையும் அதில் செருகினேன். டெஸ்க்டாப்பில் இணையம் வருகிறது, லேப்டாப்பில் வரவில்லை. டெஸ்க்டாப்பை அணைத்து, மோடத்தையும் ஆஃப் செய்து ஆன் செய்தால் லேப்டாப்பில் வருகிறது. அப்போது டெஸ்க்டாப்பில் வருவதில்லை. இரண்டாவது இணைப்பு எடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் இணைப்பிலும் பழுதில்லை, லேப்டாப்பிலும் பழுதில்லை. நடுவில் இருக்க வேண்டிய கருவி ஸ்விட்ச் அல்ல, ரவுட்டர். இது ஏன் என்று புரிந்துகொண்டால் மற்ற வேலையெல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இணையத்தில் பேசும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐ.பி. முகவரி, அதாவது தகவல் அதைத் தேடி வர உதவும் எண், வேண்டும். பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்குச் சேவை நிறுவனம் ஒரே ஒரு முகவரிதான் தருகிறது. மோடத்தின் வேலை வெளியிலிருந்து வரும் சிக்னலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது மட்டுமே. ஸ்விட்சின் வேலை அதைவிடச் சின்னது. ஒரு துளையில் வந்த தகவலை உரிய துளைக்கு அனுப்பும், அவ்வளவுதான். முகவரி பங்கிடத் தெரியாது. ஆகவே உங்கள் ஏற்பாட்டில் முதலில் கேட்ட கணினி அந்த ஒற்றை முகவரியை எடுத்துக்கொண்டது, இரண்டாவதாகக் கேட்டதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்ததும் லேப்டாப் முந்திக்கொண்டது. நீங்கள் பார்த்த அறிகுறி அதைத்தான் சொல்கிறது.

ரவுட்டர் அந்த ஒற்றை முகவரியைத் தானே வாங்கி வைத்துக்கொள்கிறது. வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கு 192.168.1.2, 192.168.1.3 என்று தன் கையிலிருந்து முகவரிகளைக் கொடுக்கிறது. இப்படித் தானாக முகவரி வழங்கும் முறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். லேப்டாப் ஒரு பக்கத்தைக் கேட்டால், ரவுட்டர் அதைத் தன் பெயரில் வெளியே கேட்டு, வந்த பதிலைக் கேட்டவரிடமே சேர்க்கிறது. இதற்குப் பெயர் நாட். சாதாரண வீட்டு ரவுட்டர் ஒரே வரிசையில் 253 கருவிகளுக்கு முகவரி வைத்திருக்கும். வைஃபை அதற்கு முன்பே திணறிவிடும் என்றாலும், ஒரு லேப்டாப் கூடுவதால் முகவரி தீராது.

டெஸ்க்டாப்பிலிருந்தே இணையத்தைப் பகிரலாமே என்று யாராவது சொல்லியிருப்பார்கள். விண்டோஸில் மொபைல் ஹாட்ஸ்பாட் என்ற வசதி இருக்கிறது, வைஃபை அட்டை உள்ள டெஸ்க்டாப்பில் வேலை செய்யும். ஆனால் லேப்டாப்புக்கு இணையம் வேண்டும்போதெல்லாம் டெஸ்க்டாப் விழித்திருக்க வேண்டும். ஒரு நாள் அவசரத்துக்குப் போதும், நிரந்தர ஏற்பாடாக நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

மோடத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரே நிறத்தில் மூன்று நான்கு லேன் துளைகள் (வீட்டுக் கருவிகளைக் கேபிளில் இணைக்கும் துளைகள்), வைஃபை என்று ஒரு விளக்கு, அடியில் நெட்வொர்க் பெயரும் கடவுச்சொல்லும் அச்சிட்ட ஒட்டுத்தாள் ஆகியவை இருந்தால் அதற்குள்ளேயே ரவுட்டர் இருக்கிறது. உங்கள் பெட்டி 'பிரிட்ஜ்' நிலையில், அதாவது வெறும் மோடமாக மட்டும் இயங்கும்படி, வைக்கப்பட்டிருப்பதால் அந்த ரவுட்டர் உறங்கிக்கொண்டிருக்கலாம். சேவை நிறுவனத்தை அழைத்து, "பிரிட்ஜ் நிலையிலிருந்து ரவுட்டர் நிலைக்கு மாற்றித் தாருங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் தொலைவிலிருந்தே மாற்றிவிடுவார்கள். அப்படி மாற்றிவிட்டால் எதையும் வாங்க வேண்டியதில்லை.

ஒற்றைத் துளை மட்டுமே உள்ள வெறும் மோடம் என்றால் ரவுட்டர் வாங்குங்கள். அதில் மூன்றைப் பாருங்கள். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு அலைவரிசையும் இருக்க வேண்டும். டபிள்யூ.பி.ஏ.3 என்ற வைஃபை பாதுகாப்பு முறை இருக்க வேண்டும். எல்லாத் துளைகளும் கிகாபிட் வேகத்தில் இருக்க வேண்டும். மூன்றாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அட்டைப்பெட்டியில் வைஃபை வேகத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், பின்னால் இருக்கும் துளைகள் 100 மெகாபிட்டாக இருக்கும். அதற்கு மேற்பட்ட வேகத்துக்கு நீங்கள் கட்டணம் செலுத்தினால் அந்தத் துளையிலேயே அது நின்றுபோகும்.

இணைக்கும் வரிசை

முதலில் சேவை நிறுவனம் கொடுத்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப்பில் டயலர் மூலம், அதாவது பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு இணைக்கும் நிரல் மூலம், உள்ளே நுழைந்து வந்திருந்தால் உங்களுடையது பி.பி.பி.ஓ.இ. வகை. டயலரில் கடவுச்சொல் வெறும் புள்ளிகளாகத் தெரியும், அதிலிருந்து எழுதி எடுக்க முடியாது. இணைப்பைக் கழற்றிய பிறகு இதைத் தேடினால் வேலை நடுவில் நிற்கும்.

எல்லாவற்றையும் அணையுங்கள். மோடத்திலிருந்து வரும் கேபிளை ரவுட்டரின் வேன் துளையில் செருகுங்கள். அது மற்றவற்றிலிருந்து விலகியோ வேறு நிறத்திலோ இருக்கும், சிலவற்றில் இன்டர்நெட் என்றே எழுதியிருக்கும். டெஸ்க்டாப்பை லேன் துளைகளில் ஒன்றில் செருகுங்கள். மோடத்தை மட்டும் ஆன் செய்து, இரண்டு நிமிடம் விட்டு விளக்குகள் நிலைத்த பிறகு ரவுட்டரை ஆன் செய்யுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை, உங்களுக்கு இது பொருந்த வாய்ப்பு அதிகம். சில மோடங்களும் சில சேவைகளும் கடைசியாக இணைந்திருந்த கருவியின் மேக் முகவரியை, அதாவது அதன் வன்பொருள் எண்ணை, நினைவில் வைத்துக்கொண்டு புதிதாக வந்ததை ஏற்க மறுக்கும். ஆகவே மோடத்தை ஒரு நிமிடம் அல்ல, பத்து நிமிடம் அணைத்து வையுங்கள். அதற்கு பேட்டரி இருந்தால் அதையும் கழற்றுங்கள். அப்போதும் ஏற்கவில்லை என்றால் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'மேக் குளோன்' என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். அது டெஸ்க்டாப்பின் எண்ணையே ரவுட்டரின் எண்ணாகக் காட்டும்.

அமைப்புப் பக்கத்தின் முகவரி ரவுட்டரின் அடியில் இருக்கும், பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. டெஸ்க்டாப்பின் பிரவுசரில் அதைத் தட்டினால் திறக்கும். இணைப்பு வகை என்ற இடத்தில், டயலர் வைத்திருந்தவர்கள் பி.பி.பி.ஓ.இ. தேர்ந்தெடுத்துப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இடுங்கள். மற்றவர்கள் 'டைனமிக் ஐ.பி.' என்று வைத்தால் போதும். பிறகு டெஸ்க்டாப்பில் இருக்கும் பழைய டயலரை நீக்கிவிடுங்கள். இனி டயல் செய்வது ரவுட்டரின் வேலை. நீக்காவிட்டால் டெஸ்க்டாப் அவ்வப்போது தானாக டயல் செய்ய முயன்று பிழைச்செய்தி காட்டிக்கொண்டே இருக்கும்.

அதே பக்கத்தில் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். கடவுச்சொல் 12 எழுத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்கான கடவுச்சொல் தனி, அதையும் மாற்றுங்கள். இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். வைஃபைக்குள் வந்த எவரும் தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லோடு ரவுட்டரைத் திறந்து எதையும் மாற்ற முடியும். வைஃபை கடவுச்சொல் தட்டாமலே கருவிகளைச் சேர்க்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைத்து வையுங்கள், அதன் எட்டு இலக்கப் பின் எண்ணை ஊகித்து உடைப்பது எளிது.

இனி லேப்டாப். திரையின் மூலையில் உள்ள நெட்வொர்க் குறியை அழுத்தி, பெயரைத் தேர்ந்தெடுத்து, கடவுச்சொல்லைத் தட்டுங்கள். விண்டோஸில் கீழே வலப்பக்கம், மேக்புக்கில் மேலே வலப்பக்கம். இது உங்கள் வீட்டு நெட்வொர்க் என்பதால் விண்டோஸில் 'பிரைவேட்' வகையைத் தேர்ந்தெடுத்தால் பிரிண்டரும் கோப்புப் பகிர்வும் வேலை செய்யும். வெளியிடங்களில் எப்போதும் 'பப்ளிக்'தான்.

லேப்டாப் ஒரே மேசையில் இருக்குமென்றால் கேபிளே சிறந்தது. கேட்-5இ கேபிள் 100 மீட்டர் வரை கிகாபிட் வேகத்தைத் தாங்கும். லேப்டாப்பில் துளை இல்லை என்றால் யு.எஸ்.பி. 3.0 அடாப்டர் வாங்குங்கள், 2.0 அடாப்டர் கிகாபிட் வேகத்தில் பாதியைக்கூட எட்டாது.

லேப்டாப் மட்டும் அடம்பிடித்தால்

எந்த நெட்வொர்க்கின் பெயரும் தெரியவில்லை என்றால் ஏரோப்ளேன் மோட் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். பழைய லேப்டாப்களில் வைஃபையை அணைக்கும் தனிப் பொத்தான் விளிம்பில் இருக்கும். அதுவும் சரி என்றால் வைஃபை டிரைவர், அதாவது வைஃபை கருவியை இயக்கும் மென்பொருள், இல்லாமல் இருக்கலாம். விண்டோஸைப் புதிதாக நிறுவிய கணினிகளில் இது அடிக்கடி நேரும். டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். இதற்கு வழி, ஆண்ட்ராய்டு போனை யு.எஸ்.பி. கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, போனில் யு.எஸ்.பி. டெதரிங் ஆன் செய்வது. வைஃபை இல்லாமலே இணையம் வந்துவிடும், விண்டோஸ் அப்டேட்டே டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும்.

பக்கத்து வீட்டுப் பெயர்கள் தெரிந்து உங்களுடையது மட்டும் தெரியவில்லை என்றால், அந்த லேப்டாப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே கேட்கும், நீங்களோ 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் ஆன் செய்திருக்கிறீர்கள் என்று இருக்கலாம். 2.4-ஐயும் திறந்து, சானலை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றாக வையுங்கள். இவை ஒன்றோடொன்று மோதாதவை. 12, 13-ஆம் சானல்களைச் சில லேப்டாப்கள் கண்டுகொள்வதேயில்லை.

பெயர் தெரிகிறது, கடவுச்சொல்லும் சரி, ஆனாலும் சேர மறுக்கிறது என்றால் பாதுகாப்பு வகையைப் பாருங்கள். டபிள்யூ.பி.ஏ.3 அறிமுகமானது 2018-இல். அதற்கு முந்தைய லேப்டாப்கள் பலவற்றுக்கு அது புரியாது. ரவுட்டரில் டபிள்யூ.பி.ஏ.2, 3 இரண்டையும் ஏற்கும் கலப்பு நிலையை வையுங்கள். லேப்டாப்புக்காக டபிள்யூ.இ.பி. என்ற பழைய பாதுகாப்பு முறை வரை இறங்க வேண்டாம். அது உடைபட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

இணைந்துவிட்டது, ஆனால் "இன்டர்நெட் இல்லை" என்று காட்டுகிறது என்றால் லேப்டாப்பின் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். விண்டோஸில் அந்த நெட்வொர்க்கின் 'ப்ராப்பர்டீஸ்' பக்கத்தில் இருக்கும். 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடம் கேட்டும் கிடைக்காமல் லேப்டாப் தானே ஒரு எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள். ரவுட்டரில் டி.எச்.சி.பி. அணைந்திருக்கிறதா, குறிப்பிட்ட மேக் முகவரிகளை மட்டும் அனுமதிக்கும் மேக் வடிகட்டி தடுக்கிறதா என்று பாருங்கள். 10.20 என்றோ வேறு ஏதோ எண்ணிலோ தொடங்கி, உங்கள் ரவுட்டரின் வரிசையோடு ஒட்டவே இல்லை என்றால் அலுவலகத்தில் கையால் வைத்த முகவரி அப்படியே இருக்கலாம். 'ஐ.பி. அசைன்மென்ட்' என்ற இடத்தில் 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றுங்கள். முகவரி சரியாக இருந்தும் பக்கங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் டி.என்.எஸ். (தளத்தின் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித் தரும் சேவை) இடத்தில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 இட்டுப் பாருங்கள். இணையத்தை வேறொரு கணினி வழியாகத் திருப்பிவிடும் ப்ராக்ஸி, வி.பி.என். அமைப்பை அணைக்க மறந்திருந்தாலும் இதே அறிகுறி தெரியும்.

தேடிக் களைத்துப்போக வைக்கும் காரணம் இன்னொன்று உண்டு, லேப்டாப்பின் தேதி. பல மாதம் அலமாரியில் கிடந்த லேப்டாப்பில் உள் பேட்டரி தீர்ந்து, தேதி சில வருடங்கள் பின்னால் போயிருக்கும். பாதுகாப்பான இணையதளங்களின் சான்றிதழ்கள் காலக்கெடு உள்ளவை. லேப்டாப்பின் கணக்கில் அவை இன்னும் செல்லுபடியாகவே தொடங்கவில்லை. எனவே எல்லாத் தளங்களும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும். தேதியைச் சரிசெய்த மறுநொடி எல்லாம் திறக்கும்.

பிரிண்டர் மட்டும் தெரியவில்லை என்றால் லேப்டாப்பை கெஸ்ட் நெட்வொர்க்கில் சேர்த்திருக்கிறீர்களா பாருங்கள். அது இணையத்தை மட்டும் தரும், வீட்டிலுள்ள மற்ற கருவிகளை மறைத்துவிடும்.

வேகம் குறைந்தால்

இணைப்பின் வேகத்தை இரண்டு கணினிகளும் பங்கிட்டுக்கொள்ளும். 100 மெகாபிட் இணைப்பில் கோப்பு இறங்கும் வேகம் அதிகபட்சம் விநாடிக்கு 12.5 மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட் என்பதால் இந்தக் கணக்கு. முதல் நாளில் லேப்டாப் பல கிகாபைட் அப்டேட்டுகளை இறக்கும், அப்போது டெஸ்க்டாப் மந்தமானால் கவலைப்பட வேண்டாம்.

கேபிளில் இருந்தும் 100 மெகாபிட்டைத் தாண்டவில்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். அதற்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்தால், இணைப்பு துண்டிக்காமல் வேகம் மட்டும் சத்தமில்லாமல் கீழே இறங்கிவிடலாம் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. வைஃபையில் மந்தம் என்றால், ஒரே அறையில் 5 கிகாஹெர்ட்ஸ், இரண்டு சுவர் தாண்டினால் 2.4 என்று மாற்றிப் பாருங்கள். ரவுட்டரை அலமாரிக்குள்ளோ டிவிக்குப் பின்னாலோ வைக்காமல், வீட்டின் நடுவில் மேசை உயரத்துக்கு மேல் வையுங்கள்.

வாங்கிய ஸ்விட்சைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. ரவுட்டரின் ஒரு லேன் துளையிலிருந்து அதற்கு ஒரு கேபிள் கொடுங்கள். டெஸ்க்டாப், லேப்டாப், பிரிண்டர் என்று எத்தனை துளை இருக்கிறதோ அத்தனையையும் அதில் செருகலாம். எல்லாவற்றுக்கும் ரவுட்டரே முகவரி கொடுக்கும். ஸ்விட்ச் மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவில் மட்டும் வரக் கூடாது.