வராத ஓடிபி, வாடகை எண்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போனில் சிக்னல் முழுதாக இருக்கிறது, அழைப்புகளும் வருகின்றன. ஆனால் எந்த நிறுவனத்தின் ஓடிபியும் வருவதில்லை. செட்டிங்ஸில் உள்ள எஸ்எம்எஸ் மைய எண்ணை மாற்றினால் சரியாகும் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். எஸ்எம்எஸ் மையம் என்பது செய்திகளை வாங்கி உரியவருக்கு அனுப்பும், சேவை நிறுவனத்தின் கணினி. அந்த மைய எண் உங்கள் போனிலிருந்து வெளியே போகும் செய்திகளுக்கு மட்டுமே பயன்படுகிறது. உள்ளே வரும் செய்தியை அனுப்புகிறவரின் மையம் கொண்டுவந்து சேர்க்கிறது. உங்கள் போனில் என்ன எண் பதிந்திருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை. தவறான எண்ணைப் போட்டுவிட்டால் செய்தி அனுப்பவும் முடியாமல் போகும்.

முதலில், வேறொரு போனிலிருந்து உங்கள் எண்ணுக்கு ஒரு சாதாரண எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப், ஐமெசேஜ், ஆர்சிஎஸ் அரட்டை எதுவும் இந்தச் சோதனைக்கு ஆகாது. அவை இணையம் வழியாக வருபவை. சாதாரண எஸ்எம்எஸ்ஸே வரவில்லை என்றால் கோளாறு சிம்மிலோ நெட்வொர்க்கிலோ போனிலோ இருக்கிறது. அது வந்து, ஓடிபி மட்டும் வரவில்லை என்றால் வடிகட்டியிலோ, உங்கள் எண்ணுக்குப் போடப்பட்டிருக்கும் தடையிலோ தேட வேண்டும்.

முதல் வகைக் கோளாறுக்கு ஏர்பிளேன் மோடை 30 விநாடி போட்டு எடுங்கள். இது வெறும் கைவைத்தியம் இல்லை. போன் எட்டாத நேரத்தில் வந்த செய்தியை மையம் பிடித்து வைத்துக்கொள்கிறது. இந்த எண்ணுக்குச் செய்தி காத்திருக்கிறது என்ற குறிப்பு நெட்வொர்க்கின் சந்தாதாரர் பதிவேட்டில் ஏறுகிறது. போன் மறுபடி நெட்வொர்க்கில் பதிவானதும் பதிவேடு மையத்துக்குத் தகவல் கொடுக்க, மையம் தேங்கியதை அனுப்புகிறது. போனில் இடம் நிரம்பி செய்தி திருப்பி அனுப்பப்பட்டாலும் இதே கதைதான். ஆகவே சேமிப்பகத்தில் சில நூறு எம்பியாவது காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பல நிறுவனங்கள் ஓடிபி செய்திக்குக் குறுகிய ஆயுளே கொடுத்து அனுப்புகின்றன. அந்த நேரம் தாண்டினால் மையமே அதைத் தூக்கி எறிந்துவிடும். ஒரு மணி நேரம் அணைந்திருந்த போனை உயிர்ப்பித்துவிட்டுப் பழைய ஓடிபிக்காகக் காத்திருப்பது வீண்.

இரண்டாம் வகைக் கோளாறுக்கு மெசேஜ் செயலியின் ஸ்பேம் பகுதியையும் தடுக்கப்பட்டவர் பட்டியலையும் திறந்து பாருங்கள். ஐபோனில் அறியாதவர்களை வடிகட்டும் வசதி இயங்கினால் செய்தி தனிப் பட்டியலுக்குப் போய்விடும், ஒலியும் வராது. அழைப்பாளரை அடையாளம் காட்டும் செயலிகளை எஸ்எம்எஸ்ஸுக்கு இயல்புச் செயலியாக வைத்திருந்தால், கொஞ்ச நேரத்துக்கு போனோடு வந்த செயலியை இயல்பாக்கிச் சோதியுங்கள். ஓடிபிகளைத் தானாக அழிக்கும் வசதியும் இப்போது இருக்கிறது. ஐஓஎஸ் 17 முதல், பயன்படுத்திய ஓடிபியை நீக்கும்படி அமைக்கலாம்; கூகுள் மெசேஜஸில் 24 மணி நேரத்துக்குப் பின் நீக்கும் அமைப்பு உண்டு. வந்த செய்தி வராதது போலத் தெரிவதற்கு இதுவும் காரணம்.

இவ்வளவும் சரியாக இருந்தால் சேவை நிறுவனத்தை அழைத்து, வணிகச் செய்திகளுக்கோ குறுங்குறியீட்டு எண்களுக்கோ (நிறுவனங்கள் செய்தி அனுப்பும் சில இலக்க எண்கள்) உங்கள் இணைப்பில் தடை இருக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். எஸ்எம்எஸ் வரவில்லை என்று பொதுவாகச் சொன்னால் போனை அணைத்து ஏற்றச் சொல்லி முடித்துவிடுவார்கள்.

கேள்வி: மற்ற எல்லா ஓடிபியும் வருகிறது. ஒரே ஒரு நிறுவனத்தின் ஓடிபி மட்டும் வரவில்லை.

பதில்: நீங்கள் கொடுத்த எண்ணை மறுபடி பாருங்கள். சர்வதேச முறையில் எண் என்பது நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து அதிகபட்சம் 15 இலக்கம். உள்நாட்டில் எண்ணுக்கு முன்னால் போடும் பூஜ்யத்தை, நாட்டுக் குறியீடு சேர்க்கும்போது பெரும்பாலான நாடுகளில் விட்டுவிட வேண்டும். நாட்டுக் குறியீட்டைப் பட்டியலில் தேர்ந்தெடுத்துவிட்டுக் கட்டத்திலும் ஒருமுறை தட்டுவது இன்னொரு பிழை. பழைய எண்ணே கணக்கில் பதிந்திருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள்; திரையில் காட்டும் கடைசி இரண்டு இலக்கங்கள் உங்களுடையவைதானா?

எப்போதோ அந்த நிறுவனத்தின் விளம்பரச் செய்திக்கு ஸ்டாப் என்று பதில் போட்டிருந்தால், சில நாடுகளில் அந்த எண்ணிலிருந்து வரும் எல்லாமே நின்றுவிடும். அதே எண்ணுக்கு ஸ்டார்ட் என்று அனுப்பிப் பாருங்கள். அண்மையில் எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறியிருந்தால், சில அனுப்புநர்கள் இன்னும் பழைய நிறுவனத்தின் வழியாகவே அனுப்பிக்கொண்டிருக்கக்கூடும். ஓரிரு நாளில் சரியாகவில்லை என்றால் புதிய நிறுவனத்திடம் புகார் கொடுங்கள்.

செய்தியின் மொழியைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் ஆங்கிலத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கில எழுத்து 160 அடங்கும், தமிழில் 70 தான். மீறினால் செய்தி துண்டுகளாக வரும். ஒரு துண்டு தாமதித்தாலும் முழுச் செய்தி தெரியாமல் போகலாம்.

இன்னொரு காரணம் உங்கள் கையில் இல்லை. மோசடிக்காரர்கள் தானியங்கி முறையில் ஆயிரக்கணக்கான ஓடிபிகளை வரவழைத்து, அந்தக் கட்டணத்தில் பங்கு பெறுகிறார்கள். இதைத் தடுக்கச் சில நிறுவனங்கள் குறிப்பிட்ட நாடுகளின் எண்களுக்கு அனுப்புவதையே நிறுத்தியிருக்கின்றன. அப்போது குரல் அழைப்பு, மின்னஞ்சல் என்று வேறு வழி காட்டப்படுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஓடிபி வருகிறது, போட்டால் தவறு என்கிறது. ஐந்து முறை மீண்டும் அனுப்பு என்று அழுத்தினேன்.

பதில்: அந்த ஐந்து முறைதான் சிக்கல். புதிய ஓடிபி உருவானதும் முந்தையது பெரும்பாலும் செல்லாததாகிவிடும். எஸ்எம்எஸ்களோ அனுப்பிய வரிசையிலேயே வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்றாவது ஓடிபி ஐந்தாவதுக்குப் பின்னால் வந்தால், மேலே தெரிவதைப் போட்டு ஏமாறுவீர்கள். ஒருமுறை கேளுங்கள், இரண்டு நிமிடம் காத்திருங்கள், அப்புறம் இன்னொரு முறை. பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்யாதீர்கள். ஓடிபியை எடுக்க மெசேஜ் செயலிக்குப் போய்வரும்போது உலாவி அந்தப் பக்கத்தைப் புதிதாக ஏற்றிவிட்டாலும் அந்த ஓடிபி வீண். பூட்டிவிட்டது என்று செய்தி வந்தால் சொன்ன நேரம் முழுவதும் கையை வைக்காதீர்கள். நடுவில் முயன்றால் சில சேவைகளில் காத்திருப்பு நீளும்.

கேள்வி: ஆதென்டிகேட்டர் செயலியின் ஓடிபியும் சில நாளாகத் தவறு என்கிறது. அதற்கும் நெட்வொர்க்தான் காரணமா?

பதில்: இல்லை, கடிகாரம். அந்த 6 இலக்கம் உங்கள் போனில் உள்ள ரகசியக் குறியீட்டிலிருந்தும் நேரத்திலிருந்தும் கணக்கிடப்படுகிறது; வழக்கமாக 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். போன் நேரம் ஓரிரு நிமிடம் தள்ளிப்போனால் போதும், பொருந்தாது. நேரத்தைத் தானியங்கியாக அமையுங்கள்.

கேள்வி: இணையத்தில் கிடைக்கும் தற்காலிக எண்ணைக் கொடுத்தால் இந்த எண்ணைப் பயன்படுத்த முடியாது என்று வருகிறது. எங்கிருந்து தெரிந்துகொள்கிறார்கள்?

பதில்: எண்ணைத் தட்டியதுமே நிறுவனம் ஒரு தகவல் தளத்தில் அது மொபைலா, லேண்ட்லைனா, சிம் இல்லாமல் இணையத்தில் இயங்கும் இணைய வழி எண்ணா என்று கேட்டுவிடுகிறது. தற்காலிக எண்களில் பெரும்பகுதி இணைய வழி எண்கள். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, இன்ன கருவி இவர் கையில் இருக்கிறது என்று நிரூபிக்காததால் இணைய வழி எண்களை இந்தச் சரிபார்ப்புக்கு ஏற்கக் கூடாது என்றது. பல நிறுவனங்கள் இதே பார்வையில்தான் நடக்கின்றன. உண்மையான சிம் எண்ணாக இருந்தாலும், இலவசத் தளத்தில் கிடக்கும் எண்ணை உங்களுக்கு முன் எத்தனையோ பேர் அதே சேவைக்குக் கொடுத்துத் தீர்த்திருப்பார்கள். ஒரு எண்ணுக்கு இத்தனை கணக்கு என்ற வரம்பு தாண்டியிருக்கும்.

ஏற்றுக்கொண்டால்தான் எனக்குக் கவலை. அந்தத் தளங்களில் எண்ணுக்கு வரும் எல்லாச் செய்தியும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்து கிடக்கிறது. கடவுச்சொல் மறந்துவிட்டது என்பதை அழுத்தினால் எஸ்எம்எஸ் மூலம் மீட்க விடும் சேவை என்றால், உங்கள் கணக்கை எடுத்துக்கொள்ள அடுத்தவருக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருப்பதே போதும். ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிடப்போகிற, உங்கள் பெயரோ பணமோ படமோ சேராத கணக்கு என்றால் மட்டும் பயன்படுத்தலாம், அதுவும் அந்தச் சேவையின் விதிகள் இடம் கொடுத்தால். வங்கி, அரசுச் சேவை, முதன்மை மின்னஞ்சல், வாட்ஸ்அப், டெலிகிராம் எதற்கும் கூடாது.

காசு கொடுத்து 10, 20 நிமிடத்துக்கு எடுக்கும் எண்ணில் மற்றவர்கள் படிக்கும் ஆபத்து குறைவு. ஆனால் நேரம் முடிந்ததும் அது அடுத்தவருக்குப் போகும். கணக்கு வருடக்கணக்கில் வேண்டும், எண் 20 நிமிடம் போதும் என்பது ஒத்துவராது.

கேள்வி: அப்படித்தான் தற்காலிக எண் கொடுத்து ஒரு கணக்குத் திறந்துவிட்டேன். இப்போது அந்த எண் தளத்தில் இல்லை. என்ன செய்வது?

பதில்: இன்னும் உள்ளே இருக்கிறீர்களா? அப்படியானால் எந்தக் கருவியிலும் லாக்அவுட் செய்யாதீர்கள், செயலியை நீக்காதீர்கள், போனை ரீசெட் செய்யாதீர்கள். முதலில் மீட்பு மின்னஞ்சலைச் சேர்த்து அதை உறுதிசெய்யுங்கள். அடுத்து ஆதென்டிகேட்டரையோ, கடவுச்சொல்லுக்குப் பதில் போன் பூட்டைத் திறந்தே உள்நுழைய விடும் பாஸ்கீயையோ அமையுங்கள். வேறு வழி இல்லாதபோது உள்நுழைய உதவும் பேக்கப் கோடுகள் தந்தால் எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். கூகுள் கணக்கில் 8 இலக்கக் கோடுகள் 10 கிடைக்கும், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். இவை முடிந்தபின் உங்கள் சொந்த எண்ணைச் சேர்த்து, பழையதை நீக்குங்கள். வரிசையை மாற்றாதீர்கள்: எண்ணை நீக்கும்போது சில சேவைகள் மறுபடி அடையாளம் கேட்கும், அப்போது காட்ட வேறு வழி இருக்க வேண்டும். கடைசியாக, உள்நுழைந்துள்ள கருவிகளின் பட்டியலில் தெரியாதவற்றை வெளியேற்றுங்கள்.

வாட்ஸ்அப் என்றால் செட்டிங்ஸில் கணக்கு என்ற பகுதியில் எண்ணை மாற்று என்ற வசதி இருக்கிறது. அதற்கு முன்பே இரட்டைச் சரிபார்ப்பில் 6 இலக்க ரகசியப் பின் எண் (PIN) போட்டு, மின்னஞ்சலும் கொடுத்துவிடுங்கள். அந்த எண்ணை வேறொருவர் பதிந்தாலும் பின் எண் தெரியாமல் உடனே நுழைய முடியாது. ஆனால் இது நிரந்தரப் பூட்டு இல்லை. 7 நாள் கழித்து அந்தப் பின் எண் இல்லாமலே பதிய முடியும். அந்த நாள்களுக்குள் எண்ணை மாற்றிவிடுங்கள். டெலிகிராம் வேறொரு கருவியில் திறந்திருந்தால் ஓடிபியை அந்தச் செயலிக்குள்ளேயே அனுப்பும், எஸ்எம்எஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

வெளியே மாட்டிக்கொண்டிருந்தால், முன்பு உள்நுழைந்த அதே கருவி, அதே உலாவி, அதே வைஃபையில் மீட்பு முயற்சியைத் தொடங்குங்கள். கணக்கை மீட்டுத் தருவதாகப் பணம் கேட்டு வருகிறவர்களை நம்பாதீர்கள். உங்களிடம் மிஞ்சியிருப்பதையும் எடுத்துக்கொண்டு போவார்கள்.

கேள்வி: சொந்த எண்ணை எல்லோருக்கும் கொடுக்க விருப்பமில்லை. வேறு நேர்மையான வழி?

பதில்: இரண்டாவது சிம் அல்லது இ-சிம். இரட்டைச் சிம் போனில் அதை எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். எத்தனை நாள் ரீசார்ஜ் செய்யாமல் இருந்தால் எண் பறிபோகும் என்று கேட்டு, அதற்கு ஒரு வாரம் முன்னதாக போனில் நினைவூட்டல் வையுங்கள். அரட்டையில் மற்றவருக்கு எண்ணைக் காட்ட விரும்பவில்லை என்பது மட்டும்தான் நோக்கம் என்றால் சிக்னல் என்ற அரட்டைச் செயலி 2024இல் கொண்டுவந்த பயனர்பெயர் வசதி போதும். பதிவுக்கு எண் வேண்டும், மற்றவருக்குத் தெரியாது.

கேள்வி: செயலி உருவாக்குகிறோம். சோதனைக்குத் தற்காலிக எண்களைப் பயன்படுத்தலாமா?

பதில்: தேவையில்லை. செயலி உருவாக்குவோருக்கான கூகுளின் சேவையான ஃபயர்பேஸில் கற்பனை எண்கள் 10 வரை பதிந்து, ஒவ்வொன்றுக்கும் நிலையான ஓடிபி கொடுக்கலாம். எஸ்எம்எஸ் உண்மையில் போகாது. நிஜ வழியைச் சோதிக்க வெவ்வேறு நிறுவனங்களின் சிம்கள் இரண்டு மூன்று வாங்கி வையுங்கள். ஆண்ட்ராய்டில் ஓடிபி தானாக நிரம்பவில்லை என்றால் செய்தியின் முடிவில் வரும் 11 எழுத்துக் குறியைப் பாருங்கள். அது செயலியின் கையொப்பச் சாவியைச் சார்ந்தது. சோதனைப் பதிப்புக்கும் வெளியீட்டுப் பதிப்புக்கும் வேறுபடும்.

கேள்வி: நான் கேட்காமலே ஓடிபி வருகிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: ஒருமுறை வந்தால் யாரோ எண்ணைத் தவறாகத் தட்டியிருக்கலாம். கடவுச்சொல் போட்ட பிறகே ஓடிபி அனுப்பும் சேவையிலிருந்து வந்தால், உங்கள் கடவுச்சொல் வெளியே போயிருக்கிறது, உடனே மாற்றுங்கள். தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்பிவிடுங்கள் என்று தெரிந்தவர் பெயரில் செய்தி வந்தாலும் கொடுக்காதீர்கள். அவருடைய கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கும். வாய்ஸ்மெயில் வைத்திருப்பவர்கள் அதன் பின் எண்ணை 0000, 1234 என்று விட்டுவைக்காதீர்கள்: நீங்கள் எடுக்காத ஓடிபி அழைப்பு அங்கேதான் பதிவாகும்.

திடீரென்று சிக்னலே போய்விட்டால், அதுவும் பக்கத்தில் அதே நிறுவன சிம் வேலை செய்துகொண்டிருந்தால், உங்கள் எண்ணுக்கு வேறொருவர் மாற்றுச் சிம் வாங்கியிருக்கலாம். 2019இல் ட்விட்டர் தலைவராக இருந்த ஜாக் டோர்சியின் சொந்தக் கணக்கே அவர் எண் கைமாறியதால் பறிபோனது. இன்னொரு போனிலிருந்து சேவை நிறுவனத்தையும் வங்கியையும் அழைத்து முடக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய எண்ணை விடப்போகிறேன். எதை முதலில் செய்ய?

பதில்: அவசரப்பட்டு ஒப்படைக்காதீர்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல், அமெரிக்காவில் மறுவிநியோகத்துக்குக் காத்திருந்த 259 எண்களைப் பார்த்தபோது, 171 எண்கள் முந்தைய உரிமையாளரின் கணக்குகளோடு இன்னும் இணைந்திருந்தன. எஸ்எம்எஸ் பெட்டியில் ஓடிபி, கோடு, சரிபார்ப்பு என்ற சொற்களை ஆங்கிலத்திலும் தேடுங்கள். எந்தெந்த நிறுவனம் அனுப்பியது என்பதே உங்கள் பட்டியல். மின்னஞ்சலை முதலில் மாற்றுங்கள், பிறகு வங்கி, பிறகு அரட்டைச் செயலிகள், மற்றவை அப்புறம். எல்லாம் மாற்றிய பின்னும் இரண்டு மூன்று மாதம் பழைய சிம்மை உயிரோடு வைத்திருங்கள். விடுபட்டுப்போன கணக்கு ஏதாவது இருந்தால் அதன் ஓடிபி அதற்குள் வந்து காட்டிக்கொடுக்கும்.